மாரி இருட்டில் மிளகாய் நாற்று

மிளகாயை நெல்லைப் போல வீசி விதைப்பதில்லை. நாற்றாக வளர்த்து, நாலைந்து வாரத்தில் பிடுங்கித் தோட்டத்தில் நடவேண்டும். அந்த நாலைந்து வாரமும் எந்த மாதத்தில் வருகின்றன என்பதில்தான் இலங்கையின் வன்னியிலுள்ள பரந்தன் பக்கத்து வில்லங்கம் இருக்கிறது. மாரி ஓய்ந்து கிணறுகள் நிறைந்து கிடக்கும் தை மாதத்தில் கன்று நடுவதானால், விதை கார்த்திகைக் கடைசிக்குள் விழவேண்டும். வருடத்தில் வானம் ஆகக் கூடுதலாக மூடிக்கிடக்கும் காலமும் அதுவே.

வெளியில் மேட்டுப்பாத்தி போட்டால் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் ஒரு இரவு மழையில் பாத்தி கரைந்துவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது, நாற்றுமேடை எம்மாத்திரம். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே தரை தொட்டது. இப்படியான மாரிகளுக்குப் பயந்து நாற்றுத்தட்டுகள் விறாந்தைக்கும் யன்னலடிக்கும் ஏறுகின்றன. மழைக்குத் தப்பிய நாற்று அங்கே இருட்டில் மாட்டிக்கொள்கிறது.

வன்னியில் மிளகாய் ஒருகாலத்தில் கறிக்கு மட்டுமான பயிராக இருக்கவில்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தபோது செத்தல் மிளகாயும் வெங்காயமும் வடக்குக் கமக்காரர்களின் கையில் காசு புரளச் செய்தன. பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் உள்ள விசுவமடுவிலும், முத்தையன்கட்டிலும் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் மிளகாயை நம்பி எழுந்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து இந்தியச் செத்தல் இறங்கியதும் விலை விழுந்தது. இன்றைக்குப் பல வீடுகளில் மிளகாய் கிணற்றடியிலும் வளவிலும் சில பரப்புக் காணியில் நிற்கும் பயிர். விதையின் கதையும் மாறிவிட்டது. மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எம்.ஐ. 2 போன்ற பழைய வர்க்கங்களில் நல்ல பழத்தைக் காயவைத்து விதை எடுக்கலாம். கலப்பின விதையில் அது சரிவராது. அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. ஒவ்வொரு விதைக்கும் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஒவ்வொரு நாற்றும் கணக்கு. 60 சதமமீற்றருக்கு 45 சதமமீற்றர் இடைவெளியில் நட்டால் ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 900 நடுகுழிகள் வரும். குழிக்கு ஒரு கன்று என்றாலும் 98 குழித் தட்டில் பத்துத் தட்டு வேண்டும். பத்துத் தட்டையும் விரித்தால் பெரிய பாய் ஒன்றின் அளவு இடம். அவ்வளவு இடத்துக்கு நல்ல வெளிச்சம் உள்ள வீடு எது என்பதுதான் கேள்வி.

கண்ணுக்குத் தெரியாத இருட்டு

பரந்தன் கிடப்பது வடக்கு அகலக்கோட்டில் ஒன்பதரைப் பாகை அளவில். ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழியின் குறும்பகலுக்கும் இடையில் இங்கே வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. கனடாவிலோ நோர்வேயிலோ யன்னலடியில் மிளகாய்க் கன்று வைத்திருக்கும் உறவினர் சொல்லும் குறும்பகல் பிரச்சினை இந்த மண்ணுக்கு இல்லை. இங்கே குறைவது ஒளியின் செறிவு. முகிலும் கூரையும் சேர்ந்து அதைக் குறைக்கின்றன.

மேகமில்லா நண்பகலில் வெட்டவெளியில் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கனத்த மழைமுகில் மூடிய நண்பகலில் அது பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதே நேரம் விறாந்தை ஓரத்தில் இரண்டாயிரம் இருந்தால் நல்லது. யன்னலுக்கு உட்புறம் ஒரு முழம் தள்ளி ஐந்நூறு, அறையின் நடுவில் நூறோ அதற்கும் குறைவோ. வெளியிலிருந்து அறை நடுவுக்கு வருவதற்குள் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால் உள்ளே நிற்கிறவர் பேப்பர் வாசிக்கிறார், அரிசியில் கல் பொறுக்குகிறார், இருட்டாக இருக்கிறது என்று ஒருபோதும் சொல்வதில்லை. மனிதக் கண்மணி விரிந்து சுருங்கி, விழித்திரை பழகி, நூறு மடங்கு வித்தியாசத்தையும் சமப்படுத்திக் காட்டிவிடும். நாற்றுக்கு அந்த வசதி இல்லை. அது ஒளியைப் பார்ப்பதற்கு எடுப்பதில்லை, உண்பதற்கு எடுக்கிறது. நூறில் ஒரு பங்கு சோறு வைத்துவிட்டு, தட்டு அழகாகத் தெரிகிறதே என்பதைப் போன்றது அறை நடுவில் வைத்த நாற்றுத்தட்டு.

இலை எப்போதும் இரண்டு வேலை செய்கிறது. ஒளி கிடைக்கும்போது காபனீரொட்சைட்டையும் நீரையும் சேர்த்து வெல்லமாக்குகிறது. இரவு பகல் என்றில்லாமல் சுவாசித்து அந்த வெல்லத்தைச் செலவழிக்கிறது. ஏதோ ஓர் ஒளியளவில் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும். அதற்குக் கீழே நாற்று பகலிலும் முதலைத்தான் தின்கிறது. முதல் என்றால் விதைக்குள் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த உணவு. ஒரு கிராமில் நூற்றைம்பதுக்குக் குறையாமல் எண்ணக்கூடிய அளவு சிறிய மிளகாய் விதையில் அந்த முதல் அதிகம் இராது. அதனால்தான் பயறோ கௌபியோ இருட்டில் பத்து நாள் தாக்குப்பிடிக்க, மிளகாய் வித்திலை விரித்த மூன்றாம் நாளே தடுமாறுகிறது.

வீட்டில் ஒளியை அளக்கக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. துல்லியம் குறைவென்றாலும், விறாந்தையின் எந்த மூலை எந்த மூலையைவிட மேல் என்று ஒப்பிட அது போதும். அதுவும் இல்லாவிட்டால் தட்டு வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாள். தாளுக்கு ஒரு அடி மேலே கையைப் பிடித்தால் விரல்கள் பிரிந்து தெரியும் நிழல் விழவேண்டும். கை வடிவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அங்கே நாற்று உயிரோடு இருக்கும், வளராது. நிழலே விழாத இடம் நாற்றுக்கு உதவாது.

நாற்று நீளும் விதம்

இருட்டில் செடி எப்படி வளரும் என்பதைத் தமிழர் அறிவியல் பாடத்தில் படிக்கும் முன்பே சடங்கில் பார்த்திருக்கிறார்கள். கலியாண வீட்டு முளைப்பாலிகையில் நவதானியம் போட்டுப் பாலும் நீரும் தெளிப்பார்கள். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் அம்மன் கோயில் முளைப்பாரியை வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். நாளுக்கு நாள் முளை உயர்ந்து, பொன் நிறத்தில், நேராக, மெல்லியதாக நிற்கும். பார்க்க வளப்பமாகத்தான் இருக்கும். அத்தனையும் விதைக்குள் இருந்த மாவு தண்டாக நீண்டது. புதிதாக ஒரு குறுணி உணவும் அது ஆக்கவில்லை. ஊர்வலம் முடிந்து ஆற்றிலோ குளத்திலோ கரைக்கும் முளைக்கு அது போதும். தோட்டத்தில் நட்டுக் காய் பறிக்க வேண்டிய கன்றுக்குப் போதாது.

மண்ணுக்குள் முளைத்த விதைக்கு மேலே வெளிச்சம் இருக்கிறதென்று தெரியும்வரை ஒரே வேலை: நீள்வது. வித்திலைகளை மடித்து, தலையைக் கொக்கி போல வளைத்து, தண்டை மட்டும் தள்ளிக்கொண்டு மேலே வரும். மண்ணைக் கிழித்து ஒளி பட்டதும் கொக்கி நிமிர்கிறது, வித்திலைகள் விரிகின்றன, பச்சையம் ஊறுகிறது, தண்டின் நீட்சிக்குக் கடிவாளம் விழுகிறது. ஒளி பட்டதை அறிவது பைற்றோகுரோம் என்ற நிறப்பொருள். 1952இல் அமெரிக்காவில் பெல்ற்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் லெற்றூஸ் விதைகளை வைத்துச் செய்த சோதனைதான் அதற்கு வழி காட்டியது. சிவப்பொளி பட்ட விதை முளைத்தது. கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் தொலைச்சிவப்பு பட்டதும் முளைப்பு நின்றது. மறுபடி சிவப்பைக் காட்ட மறுபடி முளைத்தது. கடைசியாக எந்த ஒளி பட்டதோ அதன்படி விதை நடந்துகொண்டது.

இந்த விசையை நாற்று வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்துகிறது. பச்சை இலை சிவப்பொளியை உறிஞ்சிவிட்டுத் தொலைச்சிவப்பைக் கடந்துபோக விடும். எனவே தொலைச்சிவப்பு மிஞ்சிய ஒளி வந்தால், பக்கத்தில் வேறு செடி நெருக்குகிறது என்று நாற்று எடுத்துக்கொள்ளும். எட்டிப் பிடிக்கத் தண்டை நீட்டும். ஒரு குழிக்குள் நாலு விதை தூவியவர்கள் வெளிச்சமான இடத்திலும் நெடுத்த நாற்றையே காண்பதற்குக் காரணம் இது. மழைக்காலத்தில் சில முளைக்காமல் போகட்டும் என்று கூடுதலாகத் தூவுவது வழக்கம். தூவியதில் பாதியை வித்திலைப் பருவத்திலேயே கிள்ளிவிட மனம் வராததுதான் பிழை. பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். நகக்கண்ணால் தண்டைக் கிள்ளுவது நல்லது.

நல்ல ஒளியில் வளர்ந்த பத்து நாள் மிளகாய் நாற்று விரல்நுனி உயரமே இருக்கும். தண்டின் அடி கடும்பச்சையில் லேசான ஊதா ஓடியிருக்கும். இரண்டு வித்திலைகளும் தட்டையாக விரிந்து, அவற்றின் நடுவில் முதல் உண்மையிலைகள் எள்ளளவுக்கு எட்டிப்பார்க்கும். யன்னலுக்கு உள்ளே வளர்ந்தது இரண்டு மடங்கு உயரம். தண்டு வெளிறி, விளக்கில் பிடித்தால் ஊடே தெரிகிற மாதிரி. வித்திலைகள் சின்னதாக, மஞ்சளோடி, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். பூவாளி நீரின் பாரத்துக்கே படுத்துவிடும். வளர்ந்துவிட்டது என்று மகிழ்வது பலரும் செய்யும் பிழை. உயரத்தை வைத்து நாற்றை மதிக்கப் பழகியிருப்பது வயல் நாற்றின் பழக்கம். மிளகாய்க்கு அது பொருந்தாது.

யன்னல் பக்கம் சாய்வதையும் தனியாகச் சொல்லவேண்டும். சாள்ஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட நூலில், முளையின் நுனி ஒளியை உணர, வளைவது அதற்குக் கீழேயுள்ள பகுதி என்று காட்டினார்கள். நுனியிலிருந்து இறங்கும் ஒட்சின் என்ற ஓமோன் நிழற்பக்கத்தில் கூடுதலாகச் சேர்வதால் அந்தப் பக்கம் கூடுதலாக நீண்டு, தண்டு ஒளிப்பக்கம் வளைகிறது என்பது பின்னால் தெளிந்தது. தட்டை நாளுக்கு ஒருதடவை அரைவட்டம் திருப்பி வைத்தால் நாற்று நேராக நிற்கும். நேராக நின்றால் குறை தீர்ந்தது என்று எண்ணக்கூடாது. திருப்புவதால் வளைவு போகும். ஒளி ஒரு லக்ஸும் கூடாது.

குளிர் நாட்டு நூல்கள் ஒளி குறைந்தால் வெப்பத்தையும் குறைக்கச் சொல்லும். பதினைந்து பாகைக் குளிரில் நாற்று மெல்ல வளரும், மெல்லச் சுவாசிக்கும், கிடைக்கிற சிறு ஒளிக்குள் காலம் தள்ளும். பரந்தனில் மார்கழி இரவும் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சூடு வளர் வளர் என்கிறது, ஒளியோ கைவிரிக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து யன்னலடியில் வைத்த நாற்று இங்கே இன்னும் மோசமாக நெடுப்பதற்கு இதுதான் காரணம். சூட்டைக் குறைக்க வழியில்லாத ஊரில் ஒளியைக் கூட்டுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

விறாந்தையா, கொட்டிலா, விளக்கா

போருக்குப் பின் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகள் சிறியவை. இந்திய வீட்டுத்திட்டத்தின் வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. வெயிலுக்கும் மழைக்கும் கூரை நீட்டி இறக்கியிருப்பதால் உள்ளே ஒளி நுழைவது குறைவு. முதலில் பார்க்கவேண்டியது விறாந்தை எந்தத் திசை பார்க்கிறது என்பது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் பரந்தனில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். மார்கழியில் அது தெற்கே சாய்ந்து, நண்பகலில் அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில் போகும். ஆகவே முகில் விலகும் அரைமணி, ஒருமணி வெயிலும் தெற்கு விறாந்தைக்குத்தான் கிடைக்கும். வடக்கு விறாந்தைக்கு அந்த மாதம் முழுக்க நேர்வெயில் இல்லை. கிழக்கு விறாந்தை இரண்டாம் இடம். வீட்டின் தெற்குப் பக்கம் சமையலறையும் விறகுமாக இருந்தால், விறகை ஒதுக்குவது புது விளக்கு வாங்குவதைவிட மலிவு.

அடுத்தது தூரம். தட்டை நிலத்தில் வைத்தால் விறாந்தைக் குந்தே ஒளியை மறிக்கும். குந்தின் மேல் ஏற்றினால் வானத்தின் பாதியாவது நாற்றுக்குத் தெரியும். வானம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு ஒளி. தட்டுக்குப் பின்னாலுள்ள சுவரை வெள்ளையடித்தாலோ, வெள்ளை ரெஜிபோம் பலகையைச் சாத்தினாலோ திரும்பி வரும் ஒளி நாற்றின் முதுகுப்பக்கத்தில் படும். கண்ணாடி வைக்க வேண்டாம். அது ஒரு பக்கமாக மட்டும் அடிக்கும், வெயில் வந்தால் சுட்டும்விடும்.

இவ்வளவு பாடும் பட்டபின்னும் விறாந்தை விறாந்தைதான். அதைவிட மேலானது முற்றத்தில் இடுப்பளவு உயரத்தில் தட்டி கட்டி, மேலே ஒளி ஊடுருவும் பொலித்தீன் போட்ட சிறு கொட்டில். இங்கே ஒரு பழக்கம் குறுக்கே வருகிறது. இடம்பெயர்வு காலத்தில் வந்த தறப்பாள் வன்னியில் இல்லாத வீடில்லை. மழை என்றதும் கை அதைத்தான் தேடும். தறப்பாள் மழையை மறிக்கும்போது ஒளியையும் பெரும்பகுதி மறித்துவிடும்; நீலத் தறப்பாளின் கீழ் நிற்கும் நாற்று அறைக்குள் நிற்பதற்குச் சமம். கிடுகும் அப்படியே. தெளிவான புதுப் பொலித்தீன் நூறில் எண்பது பங்குக்கு மேல் ஒளியை விடும். பக்கங்களைப் பூச்சிவலையால் மூடினால் இலைச்சுருள் வைரசைக் காவும் வெண்ணீயும் உள்ளே வராது. மிளகாயில் பின்னர் வரும் தொல்லைகளில் பல நாற்றுமேடையிலேயே தொற்றுகின்றன என்பதால், வலைக்குப் போடும் காசு ஒளிக்குப் போடும் காசைவிடத் தாழ்ந்ததல்ல. முற்றமே இல்லாதவருக்கும், நீர் நிற்கும் பள்ளக்காணிக்காரருக்கும்தான் விளக்கு.

விளக்கென்றால் சந்தையில் ஊதா நிறத்தில் எரியும் வளர்ப்பு விளக்குகள் கண்ணைப் பறிக்கும். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் கூடுதலாக உறிஞ்சுவதால் அந்த இரு நிறத்தை மட்டும் கலந்து செய்தவை அவை. கெட்டவை அல்ல. ஆனால் நாலு வார நாற்றுக்குச் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. ரியூப் லைற் போதும். அதற்குள் நீலமும் உண்டு, சிவப்பும் உண்டு. நாற்றின் உண்மை நிறமும் தெரியும் என்பதால் மஞ்சள் ஓடியதையும் பூச்சி பிடித்ததையும் நேரத்தோடு காணலாம். ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் கறுப்பு. பழைய இழை மின்குமிழ் மட்டும் வேண்டாம். வாங்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சூடாக்கிவிட்டு, மிச்சத்தில் தொலைச்சிவப்பைக் கொட்டி நாற்றை நெடுக்கவைக்கும்.

விளக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கூரையில் எரியும் குழல் நிலத்திலுள்ள தட்டுக்கு ஒளி தருவதாக நினைப்பது வீண். நாற்றின் நுனிக்கு மேலே ஒரு சாண், முடிந்தால் அதற்கும் குறைய. எல்.ஈ.டி.யின் சூடு அந்தத் தூரத்தில் இலையைச் சுடாது. நாலடிக் குழலின் கீழ் இரண்டு தட்டு நீளவாக்கில் அடங்கும். 20 வாற்றில் இரண்டு குழல், மேலே வெள்ளைத் தகடு, அவ்வளவும் சேர்ந்து ஆறாயிரம் லக்ஸை ஒட்டித் தரும். முளைத்த முதல் வாரத்துக்கு இது தாராளம். நாலு இலை வந்த நாற்றுக்கு நாலு குழல் வேண்டும். நாலு குழலும் நாளுக்கு 16 மணித்தியாலம் எரிந்தால் 1.28 அலகு; 25 நாளில் 32 அலகு. அலகு கூடக் கூட விலைப்படியும் ஏறும் மின்பட்டியலில் 32 அலகு சிறியதல்ல. ஆகவே விளக்கை மட்டும் நம்பாமல், பகலில் தட்டை விறாந்தை ஓரத்தில் வைத்து, விடியற்காலையிலும் பொழுதுபட்ட பின்னும் விளக்கின் கீழ் வைப்பதே கட்டுப்படியாகும். மின்வெட்டு வந்தால் ஓரிரு நாளில் நாற்று செத்துவிடாது. தொடர்ந்து நாலைந்து நாள் இருட்டென்றால் நெடுத்துவிடும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின் போனதை மறக்காதவர்கள் விளக்கை இரண்டாம் துணையாகவே வைப்பார்கள்.

இரவு முழுக்க எரியவிட்டால் இரட்டிப்பு வளர்ச்சி கிடைக்கும் என்பதும் தவறு. மிளகாய் பூப்பதற்கு இரவின் நீளத்தைப் பார்க்கும் செடியல்ல. ஆயினும் மிளகாய், தக்காளி, கத்தரி அடங்கிய குடும்பத்துக்கு இருட்டு வேண்டும். இருபத்துநாலு மணித்தியாலமும் ஒளியில் வைத்த தக்காளியின் இலை புள்ளிபுள்ளியாக வெளிறிக் காயும். கத்தரியும் அப்படியே. எட்டு மணித்தியாலமாவது அணைத்துவிடவேண்டும்.

ஈரம்

வெளிச்சம் குறைந்த நாற்றைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். ஒளி குறைந்தால் ஆவியுயிர்ப்புக் குறையும், வேர் நீரை இழுக்காது, காலையில் ஊற்றியது மறுநாளும் அப்படியே நிற்கும். வாடி நிற்கிற மாதிரித் தெரிகிறதே என்று மறுபடி ஊற்றுவார்கள். நாலாம் நாள் தண்டின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில், நூல் கட்டி இறுக்கினது போலக் குறுகி, நாற்று மொத்தமாகச் சரியும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். பித்தியம், ரைசொக்ரோனியா முதலான நோய்க்கிருமிகள் செய்யும் நாற்றழுகல் இது. தட்டின் ஒரு மூலையில் தொடங்கினால் இரண்டு நாளில் நடுவுக்கு வந்துவிடும். சரிந்ததைச் சுற்றி ஒரு விரற்கடை கலவையோடு அள்ளி எறிந்துவிட்டு, தண்ணீரை நிறுத்தி, காற்றுப் படும்படி வைப்பதே முதல் சிகிச்சை. மருந்துக் கடைக்கு ஓடுவது அதற்குப் பின். தட்டை விரலால் தூக்கிப் பார்த்து, பாரம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் காலையில்.

கலவைக்குச் சுட்ட மண் பழைய வழக்கம். பாத்தியில் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பார்கள். மழை தொடங்கியபின் அது நடக்காது. ஆவணி, புரட்டாதி வெயிலில் ஈரமண்ணைத் தெளிந்த பொலித்தீனால் இரண்டு மூன்று வாரம் மூடி வேகவைத்து, சாக்கில் கட்டி வைத்துக்கொள்கிறவர் மார்கழியில் தவிக்கமாட்டார். தட்டுக்குத் தும்புத்தூளும் நன்றாக மக்கிய கூட்டெருவும் சரிபாதி போதும். தும்புத்தூளில் ஒரு கவனம் வேண்டும். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததென்றால் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை கழுவிப் பிழிய வேண்டும். ஆனையிறவுக் களப்பை அண்டிய கிராமங்களில் கிணற்று நீரும் உவர்ப்பதுண்டு. வளர்ந்த மிளகாய் தாங்கும் உப்பை முளை தாங்காது. இந்த ஒரு விடயத்தில் மாரி உதவுகிறது. கூரைத் தண்ணீரை வாளியிலும் பரலிலும் பிடித்தால் நாற்றுக்கு அதைவிட நல்ல நீர் இல்லை.

பசளை பற்றி ஒரு வரி. வெளிறிய நாற்றுக்கு யூரியா கரைத்து ஊற்றுவது நெடுத்த தண்டை மேலும் நெடுக்கும். பட்டினி ஒளிக்கு, பசளையால் அது தீராது.

நெடுத்த நாற்றும் நடுகையும்

நெடுத்துப்போன நாற்றைத் திருப்ப முடியுமா? தக்காளியில் ஓரளவு முடியும். தண்டைச் சாய்த்து வித்திலை வரை புதைத்தால் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். மிளகாய் அவ்வளவு தாராளமாக வேர் விடாது. ஈரமண்ணில் ஆழப் புதைத்த தண்டு அழுகவும் கூடும். ஓர் அங்குலம் மண் அணைப்பதோடு நிறுத்துவது நல்லது. பத்து நாளைக்குள் நெடுத்ததை எறிந்துவிட்டு மறுபடி விதைப்பதே பல சமயம் இலாபம், ஏனென்றால் சரியான ஒளியில் வளரும் பிந்திய நாற்று முந்திய நெட்டை நாற்றை ஒரு மாதத்தில் எட்டிப்பிடித்துவிடும். தக்காளி நாற்றின் தலையை உள்ளங்கையால் நாளுக்குப் பத்து இருபது தடவை மெல்லத் தடவிவிட்டால் தண்டு குட்டையாகித் தடிக்கும். காற்றில் அசைந்த செடி உறுதியாவதும் அதே காரணத்தால்தான். மிளகாயின் இளம் இலை தடவலில் காயப்படும், அதற்கு மின்விசிறியின் மெல்லிய காற்று போதும்.

முப்பது முப்பத்தைந்து நாளில், ஒரு சாணுக்குக் குறைந்த உயரத்தில், ஐந்தாறு இலையோடு நாற்று தயாராகும். வீட்டுக்குள் வளர்ந்ததை நேரே தைமாத வெயிலில் நட்டால் இரண்டு மணித்தியாலத்தில் இலை வெள்ளையாக வெந்துபோகும். நிழலில் உருவான இலை மெல்லியது. கூடிய ஒளியைச் செலவழிக்க அதற்கு வழி தெரியாது. ஒரு வாரம் முதல் பத்து நாள் பழக்கவேண்டும். முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு, பிறகு பத்துமணி வரை, கடைசியில் முழு நாளும். தண்ணீரையும் சற்றுக் குறைத்தால் தண்டு இறுகும், இலை தடித்துக் கடும்பச்சையாகும். பழைய இலை ஒன்றிரண்டு கருகினாலும் பழகும் நாட்களில் வரும் புது இலை வெயிலுக்கென்றே பிறந்ததாக இருக்கும்.

நடுவது மாலையில், வெயில் தாழ்ந்த பின். தட்டை நன்றாக நனைத்து, குழியின் அடியை அமத்தினால் வேரும் கலவையும் ஒரே கட்டியாக வரும். நெட்டை நாற்றை ஒதுக்கி வைத்துவிட்டுத் தண்டு தடித்ததை முதலில் நடவேண்டும். ஒதுக்கியவை இடம் விழும்போது நிரப்ப உதவும். நட்ட கன்றுக்கு மேற்குப் பக்கமாக ஒரு வாழைத் தடலோ கிடுகுத் துண்டோ குத்தி வைத்தால் பின்னேர வெயில் தாக்காது. மூன்றாம் நாள் காலையில் கன்று தலை நிமிர்ந்து நின்றால் தடலைப் பிடுங்கிவிடலாம்.